இமையில் ஒட்டிய உண்ணி: எடுப்பதும், எடுத்த பிறகு பார்ப்பதும்

இமையோரத்தில் புதிதாக ஒரு கறுப்பு மரு. போன வாரம் இல்லை. வலி இல்லை, லேசான அரிப்பு மட்டும். இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் மருவுக்கு மருந்து எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சமீபத்தில் புல், புதர், காடு பக்கம் போனீர்களா, வீட்டில் நாய் உண்டா? இமை உண்ணியைத் தவறவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம், அந்த எண்ணமே வராததுதான்.

உண்ணி பூச்சி வகை அல்ல, சிலந்திக்கு உறவு. முட்டையிலிருந்து வரும் இளம்புழுவுக்கு 6 கால்கள். அடுத்த நிலையான இளநிலை உண்ணிக்கும் வளர்ந்ததற்கும் 8 கால்கள். இளம்புழு 1 மி.மீ.க்கும் சிறியது, இளநிலை 1 முதல் 2 மி.மீ., வளர்ந்தது 3 முதல் 5 மி.மீ. வயிறு நிறைய ரத்தம் குடித்த பெண் உண்ணி 1 செ.மீ.யையும் தாண்டும். உண்ணிக்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. புல்நுனியில் காத்திருந்து, உரசிப் போகிறவர் மேல் தொற்றி, மேல்நோக்கி ஊர்ந்து மெல்லிய தோலைத் தேடும். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல், சுமார் அரை மி.மீ.தான். அடியில் ரத்தக் குழாய்களும் நிறைய. இமைமுடிகளின் வேர்ப்பகுதி அதற்கு வசதியான மறைவிடமும் கூட. குழந்தைகளுக்குத் தலை, கழுத்து, முகப் பகுதிகளில் கடி அதிகம் விழுவதற்கு அவர்களின் உயரமும் ஒரு காரணம். புல் அவர்கள் நெஞ்சு வரை வந்துவிடுகிறது.

கடிக்கும்போது வலிக்காது. எச்சிலிலேயே வலியை மழுங்கடிக்கும் பொருள், ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள், உடம்பின் எதிர்ப்பை அடக்கும் பொருள் எல்லாம் இருக்கின்றன. அதனால்தான் பல நாள் உட்கார்ந்து குடித்தாலும் தெரிவதில்லை. இளநிலை உண்ணி 3 முதல் 5 நாள், வளர்ந்த பெண் உண்ணி ஒரு வாரமோ அதற்கு மேலோ குடிக்கும்.

கண்டுபிடிப்பது

வெறும் கண்ணால் பார்த்தால் ஒரு சாம்பல் பழுப்புப் பை மட்டும்தான் தெரியும். உண்ணியின் கால்கள் வாய்ப்பக்கம், அதாவது முன்பாதியில் இருக்கின்றன. வயிறு ஊதிய பிறகு அவை பையின் அடியில், தோலை ஒட்டி ஒளிந்துகொள்கின்றன. இமைமுடிகளுக்கு நடுவே அந்தக் கால்களும் இன்னும் சில முடிகள் போலவே தெரியும். ஸ்லிட் லேம்ப்பில் (கண் மருத்துவர் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவி) 10 முதல் 16 மடங்கு பெரிதாக்கி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, ஈரப் பஞ்சுக்குச்சியால் பையை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்திப் பாருங்கள். அடியில் ஜோடி ஜோடியாகக் கால்கள் தெரியும். உயிரோடிருந்தால் அசையும். வாய் தோலுக்குள் புதைந்த இடத்தைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் இருக்கும், முடிகளில் காய்ந்த ரத்தத் துகள்கள் ஒட்டியிருக்கலாம்.

எதோடு குழம்பும்? மரு, மச்சம், காய்ந்த ரத்தப் பொருக்கு, கண்கட்டி, வயதானவர்களுக்கு வரும் பழுப்புத் தோல் தடிப்பு. கட்டி என்று நினைத்து எடுக்கப் போய்க் கால்கள் தெரிந்த கதைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இன்னொரு குழப்பம் இமையில் வரும் அந்தரங்கப் பேன். அது தட்டையாக, ஒளி ஊடுருவுவது போல இருக்கும். ஒன்றல்ல, பல இருக்கும். முடிகளில் ஈர் ஒட்டியிருக்கும். இமையில் உண்ணி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், ஈர் கிடையாது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

மேல் இமையைப் புரட்டிப் பார்க்காமல் பரிசோதனையை முடிக்காதீர்கள். இமையின் உட்புறச் சவ்விலும், வெள்ளை விழியை மூடும் சவ்விலும் சிறிய உண்ணி ஒட்டியிருக்கலாம். அப்படியானால் நோயாளி 'மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது' என்பார். ஒன்று கிடைத்துவிட்டால் தேடல் முடிந்ததாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், பிடரி, அக்குள், தொப்புள், இடுப்பு மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை, ஏன் கூடாது

வாசலின் தடவி மூச்சுத் திணற வைப்பது, நகப்பூச்சு பூசுவது, மண்ணெண்ணெய், ஸ்பிரிட், எண்ணெய், அணைந்த தீக்குச்சியின் சூடு. இவை எல்லாம் 'தானாக வாயை விட்டுவிடும்' என்ற நம்பிக்கையில் செய்யப்படுபவை. உண்ணி மணிக்கு ஒரு சில தடவைதான் மூச்சு விடுகிறது. காற்றை அடைத்தாலும் மணிக்கணக்கில் தாங்கும். அந்த நேரம் முழுக்க அது எரிச்சல்பட்ட நிலையில் எச்சிலையும் குடல் திரவத்தையும் காயத்துக்குள் விட வாய்ப்பிருக்கிறது. நோய்க்கிருமி இருப்பது அந்தத் திரவங்களில்தான். உடம்பின் எந்த இடத்திலும் இது வேண்டாத வேலை. இமையில் ஆபத்து இன்னும் அதிகம். ஸ்பிரிட்டும் மண்ணெண்ணெயும் கருவிழியின் மேல்தோலை உரித்துவிடும். சூடு பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பேன் மருந்து, பெர்மெத்ரின் களிம்பு, உறைய வைக்கும் ஸ்ப்ரே மூன்றும் கண்ணருகே வேண்டாம். ஆஸ்திரேலியாவில், அங்குள்ள ஒரு வகை உண்ணிக்குக் கடுமையான ஒவ்வாமை வருவதால், பிடுங்கும் முன் ஈதர் கலந்த ஸ்ப்ரேயால் இருந்த இடத்திலேயே உறைய வைத்துக் கொல்லச் சொல்கிறார்கள். அந்த அறிவுரை கைக்கும் காலுக்கும் பொருந்தும், இமைக்குப் பொருந்தாது. அந்த நாட்டில் இமையில் ஒட்டியிருந்தால் அட்ரினலின் ஊசி கைவசம் உள்ள மருத்துவமனையில் எடுப்பதுதான் சரி.

நகத்தால் கிள்ளி நசுக்குவதும் கூடாது. வயிறு வெடித்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குள்ளேயே தெறிக்கும். கிரிமியன் காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் போன்ற நோய்கள் உண்ணியை நசுக்குவதாலும் தொற்றும்.

வீட்டிலா, மருத்துவரிடமா?

எங்கள் நிலைப்பாடு இது. உண்ணி புருவத்துக்குக் கீழே, இமைமுடி வரிசையிலிருந்து நன்றாகத் தள்ளி, தோலில் உட்கார்ந்திருக்கிறது. ஒட்டியவர் பெரியவர், அசையாமல் இருப்பார். கூர்மையான, நுனி நன்றாகச் சேரும் சாமணம் கையில் இருக்கிறது. அப்படியானால் இன்னொருவர் நல்ல வெளிச்சத்தில் எடுத்துவிடலாம். தனக்குத்தானே கண்ணாடி பார்த்து எடுக்கக் கூடாது. கண்ணாடியில் கை போகும் திசை குழம்பும், எதிரே இருப்பது கண். இமை விளிம்பிலோ, முடி வேர்களுக்கு நடுவிலோ, இமையின் உட்புறத்திலோ இருந்தாலும், ஒட்டியிருப்பது குழந்தையின் இமையில் என்றாலும், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஓரிரு மணி நேரத் தாமதத்தால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் 'தானாக விழட்டும்' என்று நாள் கடத்தினால் நஷ்டம் உண்டு. ஒட்டியிருக்கும் நேரம் கூடக்கூட, கிருமி கடத்தப்படும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது.

எடுக்கும் விதம்

உண்ணி ஏன் இவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறது என்று தெரிந்தால் எடுக்கும் முறை தானாகப் புரியும். வாயின் நடுவே உள்ள குழல் போன்ற உறுப்பில், தூண்டில் முள் மாதிரி, பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் வரிசையாக இருக்கின்றன. அதைச் சுற்றிப் பல இனங்கள் ஒரு பசையைச் சுரந்து இறுக வைக்கின்றன. நீளமான வாயுள்ள இனங்கள் ஆழமாகப் புதைகின்றன, பிடுங்கும்போது வாய் ஒடியும் வாய்ப்பு அதிகம். நாய் உண்ணி போன்ற குட்டை வாய் இனங்கள் மேலோட்டமாக, பசையை நம்பி ஒட்டுகின்றன, பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். ஆக, வெடுக்கென்று இழுத்தால் முள் ஒடியும், வயிற்றைப் பிடித்தால் திரவம் உள்ளே போகும். தோலை ஒட்டி வாயைப் பிடித்து, மெதுவாக, தொடர்ந்து இழுத்தால் பசை நெகிழ்ந்து வரும். மற்றதெல்லாம் இந்த ஒரு வரியின் விரிவுதான்.

நோயாளியை ஸ்லிட் லேம்ப்பில் உட்கார வைத்து, நெற்றியைப் பட்டையில் பதிக்கச் சொல்லுங்கள். உட்கார முடியாதவரை நுண்ணோக்கியின் கீழ் படுக்க வைக்கலாம். புரோபராகெயின் 0.5 சதவீதச் சொட்டு ஒன்றிரண்டு விட்டால் அரை நிமிடத்தில் கருவிழியும் சவ்வும் மரத்துவிடும், சுமார் கால் மணி நேரம் தாங்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தச் சொட்டு இமைத் தோலை மரக்கச் செய்யாது. கண் சிமிட்டாமல் இருக்கவும், கருவி பட்டால் துள்ளாமல் இருக்கவும்தான் அது. நேராக இழுத்து எடுப்பதற்குத் தோலை மரக்க வைக்கத் தேவை இருப்பதில்லை, நறுக்கென்று ஒரு சிறு வலியோடு முடிந்துவிடும். தோலின் மேல் பூசி மரக்க வைக்கும் லிடோகெயின், பிரிலோகெயின் கலவைக் களிம்பை இமையில் பயன்படுத்த வேண்டாம். அது காரத்தன்மை கொண்டது, கண்ணுக்குள் வழிந்தால் கருவிழி பொசுங்கும்.

உதவியாளர் கண்ணின் வெளி ஓரத்தில் தோலை இழுத்துப் பிடித்து இமையை விறைப்பாக வைக்க வேண்டும். தொளதொள இமையில் சாமணம் வைத்தால் தோலையும் சேர்த்துக் கவ்விவிடும். நுண்நுனி ஃபோர்செப்ஸை (மருத்துவச் சாமணம்) இமையின் பரப்புக்கு ஏறக்குறைய இணையாக, கூர்நுனி விழியை நோக்காதபடி பிடித்துக்கொண்டு, வாய் தோலுக்குள் போகும் இடத்தில் இருபுறமும் கவ்வ வேண்டும். இடையில் முடி மாட்டிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முடியோடு சேர்த்துக் கவ்வினால் பிடி வழுக்கும், நோயாளி முடி பிடுங்கும் வலியில் தலையைப் பின்னுக்கு இழுப்பார். முடி மறைத்தால் ஓரிரண்டை வெட்டிவிடலாம். கத்தரிக்கோலின் அலகில் களிம்பு தடவிக்கொண்டால் வெட்டிய முடி கண்ணில் விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். முடி சில வாரங்களில் வளர்ந்துவிடும்.

பிறகு இழுப்பு. தோலுக்குச் செங்குத்தாக, விழியிலிருந்து விலகிய திசையில், ஒரே சீராக. தோல் கூடாரம் போட்டது போல் எழும்பும். இமைத் தோல் மெல்லியது என்பதால் அந்த எழும்பல் பயமுறுத்தும் அளவுக்கு இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பயந்து பிடியை விட்டுவிடுகிறார்கள், அல்லது பொறுமை இழந்து வெடுக்கென்று இழுக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். அதே விசையில் அரை நிமிடம், ஒரு நிமிடம் வரை பிடித்திருங்கள். பசை விட்டுக்கொடுப்பது கையில் தெரியும். திருகக் கூடாது. உண்ணி எடுக்கவென்றே வரும் கொக்கிக் கருவிகளில் திருகி எடுக்கும் வகை உண்டு, அவை மற்ற இடங்களில் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் இமை விளிம்பில் அந்தக் கொக்கியை நுழைக்க இடமில்லை, சாதாரண ஃபோர்செப்ஸால் திருகினால் வாய் ஒடிவதுதான் மிச்சம்.

வெளியே வந்ததை உடனே நுண்ணோக்கியில் பாருங்கள். முன்முனையில் வாயுறுப்பு முழுசாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதில் வெள்ளையாக ஒரு துளி தோலோ பசையோ ஒட்டியிருந்தால் நல்லது, முழுசாக வந்ததற்கு அடையாளம். முன்முனை மொட்டையாக இருந்தால் மிச்சம் உள்ளே இருக்கிறது.

உள்ளே தங்கினால்

'தலை உள்ளே மாட்டிக்கொண்டது' என்பார்கள். தங்குவது தலை அல்ல, வாயுறுப்பின் துண்டு. உடல் போய்விட்டால் அந்தத் துண்டால் மேற்கொண்டு கிருமியைக் கடத்த முடியாது. அதனால் பதற்றத்தில் ஊசியால் குடையக் கூடாது. கையிலோ காலிலோ என்றால் விட்டுவிட்டால் போதும், தோலே வெளியே தள்ளிவிடும். இமையில் எங்கள் கணக்கு கொஞ்சம் வேறு. ஸ்லிட் லேம்ப்பில் துண்டின் முனை தெரிந்தால், அதே அமர்வில் நுண்நுனி ஃபோர்செப்ஸால் ஒருமுறை முயலலாம். தெரியாத அளவு ஆழத்தில் இருந்தால், அல்லது உண்ணியே இழுப்புக்கு அசையாமல் புதைந்திருந்தால், சிறு அறுவையாக எடுப்பது நல்லது. இமை விளிம்பில் அந்நியப் பொருள் தங்கி அழற்சிக் கட்டி உருவானால் அது கருவிழியை உரசும், முடிகளின் திசையையும் மாற்றும்.

அறுவை என்பதும் பெரிய விஷயமல்ல. லிடோகெயின் 1 அல்லது 2 சதவீதம், அட்ரினலின் கலந்தது, அரை மி.லி.க்கும் குறைவாக, உண்ணி இருக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளித் தோலுக்கடியில் போட்டால் போதும். கண்கட்டி அறுவைக்குப் பயன்படும் வளையக் கவ்வியை, உண்ணி நடுவில் வரும்படி மாட்டினால் மூன்று வேலை ஒன்றாக முடிகிறது. இமை அசையாது, ரத்தம் வராது, கவ்வியின் தட்டு விழியைக் காக்கும். பிறகு வாயுறுப்பைச் சுற்றி ஒரு சிறு வட்டத் தோலை மட்டும் எடுத்தால் போதும். இமைத் தோலுக்கு ரத்த ஓட்டம் அதிகம், 2 மி.மீ. காயம் தையல் இல்லாமலே ஆறிவிடும். விளிம்பில் முழுத் தடிமனுக்கு ஆப்பு வடிவில் வெட்ட வேண்டிய தேவை மிக அபூர்வம். அப்படி வெட்டினால் விளிம்பைத் துல்லியமாகச் சேர்த்துத் தைக்காவிட்டால் பள்ளம் நிற்கும். சவ்வில் ஒட்டிய உண்ணி வரவில்லை என்றால் அந்த இடத்துச் சவ்வோடு சேர்த்துத் துளியாக எடுத்துவிடலாம்.

சிறு குழந்தையைப் பிடித்து அமுக்கி எடுக்க முயல்வதைவிட மயக்க மருந்து கொடுத்து எடுப்பது பாதுகாப்பானது. இதைப் பெற்றோருக்குச் சொல்லும்போது 'ஒரு உண்ணிக்கா மயக்க மருந்து?' என்பார்கள். திமிறும் குழந்தையின் கண்ணுக்கு அரை செ.மீ. தூரத்தில் கூர்முனைக் கருவி என்று விளக்கினால் சம்மதிப்பார்கள்.

எடுத்த உடனே

ரத்தம் கசிந்தால் விழியை அமுக்காமல், இமையை எலும்பு விளிம்பின் மேல் வைத்து ஐந்து நிமிடம் அழுத்தினால் நிற்கும். காயத்தை போவிடோன் அயோடின் 5 சதவீதக் கரைசலால் துடைக்கலாம். கையில் 10 சதவீதம்தான் இருந்தால் அதே அளவு மலட்டு உப்புநீர் சேர்த்தால் 5 சதவீதமாகும். சோப்பு கலந்த வகை போவிடோன் கண்ணருகே வேண்டாம். குளோர்ஹெக்ஸிடினும் வேண்டாம், கருவிழியில் பட்டு நிரந்தரமாகப் பார்வை கெட்டவர்கள் உண்டு.

எரித்ரோமைசின் அல்லது குளோராம்பெனிகால் கண் களிம்பு, நாளுக்கு மூன்று முறை, ஐந்து முதல் ஏழு நாள். இது வழக்கமாக எழுதப்படுவது. உண்மையில் சுத்தமான காயத்துக்கு இது இல்லாமலும் ஆறும். கேடில்லை என்பதால் கொடுக்கிறோம். நியோமைசின் கலந்த களிம்பைத் தவிர்ப்பது நல்லது. அது இமைத் தோலில் ஒவ்வாமை கிளப்புவதில் பேர்போனது, மூன்றாம் நாள் இமை சிவந்து வீங்கினால் கடியா, மருந்தா என்று நாமே குழம்புவோம். ஸ்டெராய்டு கலந்த களிம்பையும் முதல் வாரத்தில் நாங்கள் எழுதுவதில்லை. அது வீக்கத்தை அழகாகக் குறைக்கும், உள்ளே தொற்று இருந்தால் அதையும் அழகாக மறைக்கும். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்ணியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு சிறு குப்பியில் ஸ்பிரிட் விட்டு அதில் போட்டு, தேதியும் உடம்பில் இருந்த இடமும் எழுதி வைக்கவும். அதற்கு முன் முதுகுப்பக்கமும் வயிற்றுப்பக்கமும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்ளலாம். எந்த இனம், எவ்வளவு ஊதியிருக்கிறது என்ற இரண்டும் அடுத்த முடிவுக்குத் தேவை. தட்டையாக இருந்தால் ஒட்டி அதிக நேரம் ஆகவில்லை, ஊதியிருந்தால் ஒரு நாளுக்கு மேல் என்று ஊகிக்கலாம். ஆனால் உண்ணியைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பி அந்த முடிவை வைத்துச் சிகிச்சை கொடுப்பது சரியல்ல. உண்ணியில் கிருமி இருந்தால் மனிதருக்கு வந்துவிட்டதென்று அர்த்தமில்லை. இல்லை என்று வந்தாலும், கண்ணில் படாத இன்னொரு உண்ணி கடித்திருக்கலாம்.

மறுநாள் வீங்கினால்

இமைத் தோல் தளர்வானது, சிறு காரணத்துக்கும் பொதபொதவென்று வீங்கும். காலையில் எழுந்ததும் கண்ணே திறக்க முடியாத வீக்கம், அரிப்பு, ஆனால் வலியோ காய்ச்சலோ இல்லை என்றால் அது பெரும்பாலும் எச்சிலுக்கான ஒவ்வாமை. பத்து நிமிடம் குளிர்ந்த ஒத்தடம், ஒவ்வாமை மாத்திரை, இரண்டு மூன்று நாளில் வடியும். தொட்டால் வலி, சூடு, சிவப்பு பரவுவது, காய்ச்சல் என்றால் இமைத் தோலடித் தொற்று, வாய்வழி ஆன்டிபயாடிக் தேவை. விழி முன்னுக்குத் தள்ளுவது, கண்ணைச் சுழற்றினால் வலிப்பது, ஒன்று இரண்டாகத் தெரிவது, நிறம் மங்குவது இவற்றில் ஒன்று இருந்தாலும் தொற்று கண்குழிக்குள் போயிருக்கலாம். அதற்கு அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்து, சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்தநாளம் வழியாக மருந்து கொடுக்க வேண்டும்.

அடுத்த முப்பது நாள்

இமை ஆறிவிடும். கவலைப்பட வேண்டியது உண்ணி விட்டுச் சென்றிருக்கக் கூடியதைப் பற்றி. எந்த நோய் என்பது எந்த ஊரில், எந்த உண்ணி என்பதைப் பொறுத்தது. கடிபட்ட இடம் இமையானாலும் கணுக்காலானாலும் இதில் மாற்றமில்லை.

வட அமெரிக்காவின் சில பகுதிகளிலும் ஐரோப்பாவிலும் முதலில் நினைக்க வேண்டியது லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் 1975 வாக்கில் குழந்தைகளுக்குக் கூட்டமாக மூட்டுவலி வந்ததிலிருந்து அந்தப் பெயர். கிருமியை 1982-இல் வில்லி பர்க்டார்ஃபர் அடையாளம் காட்டினார். அமெரிக்க வழிகாட்டுதலின்படி, கடித்தது லைம் கிருமியைக் கடத்தும் இக்ஸோடிஸ் வகை உண்ணி, நோய் பரவலாக உள்ள பகுதி, 36 மணி நேரமோ அதற்கு மேலோ ஒட்டியிருந்தது, எடுத்து 72 மணி நேரம் தாண்டவில்லை, இவை எல்லாம் பொருந்தினால் தடுப்பாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 200 மி.கி. ஒரே ஒரு வேளை. குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 4.4 மி.கி., உச்சம் 200 மி.கி. ஒன்று பொருந்தாவிட்டாலும் மாத்திரை வேண்டாம், கவனித்தால் போதும். உலகத்தில் எங்கே உண்ணி கடித்தாலும் இந்த ஒரு வேளை மாத்திரையை எழுதுகிற பழக்கம் இணையத்தால் பரவியிருக்கிறது. லைம் இல்லாத பகுதியில் அதற்கு வேலையே இல்லை.

லைம் நோயின் விரியும் சிவப்புத் தடம் கடித்து 3 முதல் 30 நாளுக்குள் தோன்றும், 5 செ.மீ.க்கு மேல் பரவும். இமையில் இதைப் பிடிப்பது கஷ்டம். படங்களில் பார்க்கும் அழகான வட்டமாக வராது. இமை முழுக்கச் சிவந்து, நெற்றிப்பொட்டுக்கும் கன்னத்துக்கும் ஓரம் நகரும். ஒவ்வாமைச் சிவப்பு முதல் இரண்டு நாளில் வந்து குறையும். இது ஒரு வாரம் கழித்து வந்து கூடும். இந்த ஒரு வேறுபாட்டை நோயாளியிடம் சொல்லி, தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுக்கச் சொன்னால் போதும். தடம் தெரிந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் சில வாரங்களில் எதிர்ப்புப் புரதம் உருவாகியிருக்காது, முடிவு 'இல்லை' என்றே வரும். டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. நாளுக்கு இருவேளை 10 நாள், அல்லது அமாக்ஸிசிலின் 500 மி.கி. மூன்று வேளை 14 நாள். லைம் நோயால் முகவாதம் வந்தால் கண்ணை மூட முடியாது, கருவிழி காய்ந்துவிடும். நோய்க்கான மருந்தோடு பகலில் செயற்கைக் கண்ணீர், இரவில் கண் களிம்பு, இமையை ஒட்டி மூட ஒரு பட்டை என மூன்றும் வேண்டும்.

ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா வகையால் வரும் புள்ளிக் காய்ச்சல் நோய்கள் இன்னும் அவசரமானவை. அமெரிக்காவின் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் கொல்லும் நோய். மத்தியதரைக் கடல் நாடுகளிலும் இந்தியாவிலும் வருவது ரிக்கெட்சியா கொனோரி, அதைக் கடத்துவது பழுப்பு நாய் உண்ணி. கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு, காய்ச்சல், தலைவலி, பிறகு உள்ளங்கை, பாதம் வரை சிவப்புப் புள்ளிகள். இமையில் கறுப்புப் பொருக்கும், காதுக்கு முன்னால் நெறி கட்டியதும் சேர்ந்து இருந்தால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு முதலில் இதை நினையுங்கள். இமை நிணநீர் அங்கேதான் வடிகிறது. துலரேமியா என்ற இன்னொரு பாக்டீரியா நோயும் கண்ணில் இதே மாதிரி வரும். ரிக்கெட்சியா என்று சந்தேகம் வந்தாலே டாக்ஸிசைக்ளின் தொடங்க வேண்டும். பெரியவருக்கு 100 மி.கி. இருவேளை, 45 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 2.2 மி.கி. இருவேளை, காய்ச்சல் விட்ட பிறகும் குறைந்தது மூன்று நாள். எட்டு வயதுக்குக் கீழ் கொடுத்தால் பல் கறையாகும் என்ற பழைய பயத்தில் தாமதிக்க வேண்டாம். இந்தக் குறுகிய கால அளவுக்கு அது பொருந்தாது, ராக்கி மலைக் காய்ச்சலில் ஐந்தாம் நாளைத் தாண்டித் தொடங்கினால் இறப்பு கூடுகிறது. அதே சமயம், காய்ச்சல் வருமுன் தடுப்பாக இதைக் கொடுப்பதில் பலனில்லை.

வைரஸ் நோய்களுக்கு இந்த மாத்திரை உதவாது. ஐரோப்பாவின் உண்ணி மூளைக் காய்ச்சல் வைரஸ் ஒட்டிய சில நிமிடங்களிலேயே கடத்தப்படும், சீக்கிரம் எடுப்பது அங்கே முழுக் காப்பல்ல. அதற்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசி உண்டு. கர்நாடகத்தில் 1957-இல் அறியப்பட்ட கியாசனூர் காட்டு நோய்க்கு ஆதரவுச் சிகிச்சைதான். குரங்குகள் செத்து விழுந்த காட்டுக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் அதைச் சொல்ல மறக்கக் கூடாது.

உண்ணி வாதம் தொற்று அல்ல, எச்சிலில் உள்ள நச்சு. பல நாள் ஒட்டியிருந்தபின் கால் தள்ளாடி, பலவீனம் மேலே ஏறும். வட அமெரிக்க இனங்களில் உண்ணியை எடுத்த சில மணி நேரத்தில் தெளியத் தொடங்கும். ஆஸ்திரேலிய இனத்தில் எடுத்த பிறகும் ஓரிரு நாள் மோசமாகலாம் என்பதால் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

டாக்ஸிசைக்ளின் சாப்பிடுவதிலும் ஒரு முறை உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி, விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மாத்திரை, பால் ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் பொசுங்கும்.

மாதக்கணக்கில் நிற்கும் கட்டி

ஆறு வாரம் கழிந்தும் கடித்த இடத்தில் சிறு முண்டு கெட்டியாக நின்றால் அது பெரும்பாலும் தங்கிய வாயுறுப்பைச் சுற்றி எழுந்த அழற்சிக் கட்டி. சிலது மெதுவாக வடியும். வளர்ந்தால், புண்ணானால், முடிகள் உதிர்ந்தால் காத்திருக்காமல் வெட்டி எடுத்து ஃபார்மலினில் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் சீட்டில் 'இந்த இடத்தில் இன்ன தேதியில் உண்ணி கடித்தது' என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். உண்ணிக்கடியின் நாள்பட்ட அழற்சியில் நிணநீரணுக்கள் அடர்த்தியாகக் குவியும், நுண்ணோக்கியில் அது லிம்போமா புற்றுநோயைப் போலவே தோன்றலாம். கடி விவரம் தெரிந்த நோய்க்குறியியல் மருத்துவர் இன்னும் சில வெட்டுகள் போட்டு வாயுறுப்பைத் தேடுவார். தெரியாதவர் அறிக்கையில் புற்றுநோய்ச் சந்தேகம் என்று எழுத இடமிருக்கிறது.